ஓடு கிடைக்காத நேரத்தில் கூரைக்கு என்ன போடுவது? தருமபுரி, கிருஷ்ணகிரி வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சித்திரை, வைகாசியில் சூறைக்காற்றோடு ஒரு கோடை மழை அடித்துவிட்டால் போதும். பாலக்கோடு, பென்னாகரம், ராயக்கோட்டை, ஊத்தங்கரை என எல்லாப் பக்கமிருந்தும் ஒரே கேள்விதான் வரும்: "அண்ணா, ஒரு இருநூறு சீமை ஓடு கிடைக்குமா?" பெரும்பாலும் "இப்ப இல்லீங்க" என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கூரை வேலையில் இருப்பவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதை எல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறோம்.

சீமை ஓடு ஏன் முன்போலக் கிடைப்பதில்லை?

ஒன்றோடொன்று கோத்து மாட்டுகிற தட்டையான சுட்ட ஓட்டைத்தான் சீமை ஓடு என்கிறோம். நம் ஊருக்கு வரும் சீமை ஓட்டில் பெரும்பகுதி கேரளாவிலிருந்தும் மங்களூர்ப் பக்கமிருந்தும் வருவது. 1865இல் பாசல் மிஷன் என்ற கிறித்துவ அமைப்பினர் மங்களூரில் நேத்ராவதி ஆற்றங்கரையில் தொடங்கிய தொழில் அது. பிறகு கோழிக்கோடு பக்கம் ஃபரோக், திருச்சூர் பக்கம் ஒல்லூர் என்று பரவியது. இன்று அங்கே பல சூளைகள் மூடிக்கிடக்கின்றன. எல்லோரும் கான்கிரீட் தளத்துக்குப் போனதால் ஓடு கேட்பவர்கள் குறைந்தார்கள். களிமண் எடுப்பதும் கடினமானது. வயலையும் சதுப்பு நிலத்தையும் காக்க 2008இல் கேரள அரசு கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு, வயல் மண்ணை நினைத்தபடி தோண்ட முடியாது. விறகு விலையும் ஆள் கூலியும் ஏறியது தனிக்கதை.

இதோடு பருவமும் சேர்கிறது. சுடாத பச்சை ஓடு காய்ந்த பிறகுதான் சூளைக்குப் போகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளாவில் மழை பிடித்துக்கொண்டால் மண் எடுப்பதும் காயவைப்பதும் மெதுவாகும். நமக்கு ஓடு தேவைப்படுவதும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான். வேலை அவசரமில்லை என்றால் தை, மாசியிலேயே ஓட்டை வாங்கி வைத்துவிடுங்கள்.

பாதி ஓடு உடைந்துவிட்டது. "மொத்தத்தையும் பிரித்துவிட்டு சீட் போடுங்கள்" என்கிறார் மேஸ்திரி. போடலாமா?

அவசரப்படாதீர்கள். எத்தனை ஓடு உண்மையிலேயே கெட்டது என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கப் போய்விட்ட மாதிரிதான் தெரியும். ஆனால் காற்றில் நகர்ந்த ஓடு வேறு, உடைந்த ஓடு வேறு. நகர்ந்ததைத் தூக்கி ரீப்பரில் (ஓடு மாட்டும் குறுக்குச் சட்டத்தில்) மாட்டினால் வேலை முடிந்தது.

உடைந்தது நிறைய என்றாலும் ஒரு வழி இருக்கிறது. இரு சரிவுக் கூரையில் ஒரு சரிவை முழுக்கப் பிரியுங்கள். அதில் தேறும் நல்ல ஓட்டைக் கொண்டு அடுத்த சரிவில் உள்ள காலி இடங்களை நிரப்புங்கள். ஒரு சரிவு முழுக்கப் பழைய சீமை ஓடாகவே நின்றுவிடும். காலியான சரிவுக்கு மட்டும் வேறு பொருள் போட்டால் போதும். வாசல் பக்கச் சரிவை ஓடாக வைத்துக்கொண்டு, கொல்லைப் பக்கச் சரிவை மாற்றுவதுதான் பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கிறது. செலவு பாதி, வீட்டின் முகமும் மாறாது. ஓடு தட்டுப்பாட்டில் நாங்கள் முதலில் சொல்லும் யோசனை இதுதான்.

இதற்கு ஒரே நிபந்தனை, கைமரமும் (ரீப்பரைத் தாங்கும் சாய்ந்த மரம்) ரீப்பரும் நன்றாக இருக்க வேண்டும். கரையான் தின்ற மரத்தின் மேல் எதைப் போட்டாலும் வீண். தாவாரத்து (கூரையின் கீழ் விளிம்பு) முனையிலும், கைமரம் சுவரில் உட்காரும் இடத்திலும் ஒரு ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே சுலபமாக இறங்கினால் முதல் செலவு மரத்துக்குத்தான்.

கிடைத்த கம்பெனி ஓட்டைப் பழைய ஓட்டுக்கு நடுவில் செருகலாமா?

கூடாது. எல்லாச் சீமை ஓடும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் பக்கவாட்டுக் காடி, அதாவது அடுத்த ஓடு கோத்து உட்காரும் பள்ளம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நீளம் 41 செ.மீ., 42 செ.மீ., 42.5 செ.மீ. என்று பல அளவில் வருகிறது. கால் அங்குல வித்தியாசம் போதும், காடி சரியாக உட்காராது. அந்த இடுக்கில் சாரல் உள்ளே இறங்கும்.

ஓட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சூளையின் பெயரோ முத்திரையோ அச்சாகி இருக்கும். அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். இன்னும் நல்லது, உடையாத ஓடு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கடையில் உள்ள ஓட்டோடு பக்கத்தில் வைத்து மாட்டிப் பார்ப்பது. அதே முத்திரை கிடைக்கவில்லை, வேறு ஓடுதான் இருக்கிறது என்றால் அதை ஒரு சரிவு முழுக்கப் போடுங்கள். ஒரே சரிவில் கலக்காதீர்கள். புது ஓட்டின் நீளத்துக்கு ஏற்ப ரீப்பர் இடைவெளியையும் மாற்றி அடிக்க வேண்டியிருக்கும். கூலி பேசும்போதே இதைச் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

இடித்த வீட்டுப் பழைய ஓடு வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

தாராளமாக வாங்கலாம். நன்றாகச் சுட்ட பழைய ஓடு, அரைகுறையாகச் சுட்ட புது ஓட்டைவிட உசத்தி. சிக்கல் என்னவென்றால் இப்போது அதற்கும் போட்டி. பெங்களூரு பக்கத்துப் பண்ணை வீடு கட்டுபவர்களும் ரிசார்ட்காரர்களும் பழைய ஓட்டை அழகுக்காகத் தேடி வாங்குகிறார்கள். கான்கிரீட் தளத்துக்கு நடுவே ஓட்டை வைத்து வார்க்கும் முறை கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் காலத்திலிருந்தே பிரபலம், அதற்கும் கொஞ்சம் போகிறது. ஓசூரில் ஒரு விலை, அரூரில் ஒரு விலை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்கும்போது ஓட்டை ஒரு கையில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. "டொக்" என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கிறது, அல்லது சூடு போதவில்லை. அடுத்து மூக்கைப் பாருங்கள், ரீப்பரில் மாட்டுகிற அந்தச் சின்ன முட்டு உடைந்திருந்தால் ஓடு எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. பழைய ஓட்டுக் குவியலில் அதிகம் கழிபடுவது மூக்குடைந்த ஓடுதான். பாசி படிந்து கறுத்திருந்தால் பரவாயில்லை, தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால் போய்விடும். ஆனால் மேற்பரப்பு செதில் செதிலாக உதிர்ந்தால் எடுக்காதீர்கள்.

சந்தேகம் தீரவில்லையா? இரண்டு ஓட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து காயவைத்து எடை போடுங்கள், ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டுவிட்டு மறுபடி எடை போடுங்கள். இரண்டரைக் கிலோ ஓடு அரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் குடித்தால் அந்த லோடு வேண்டாம். மழைக்காலம் முழுக்க அந்த எடையை உங்கள் கைமரம்தான் சுமக்க வேண்டும்.

எத்தனை ஓடு வேண்டும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

தரை அளவை வைத்துக் கணக்குப் போட்டால் கட்டாயம் குறையும். முகட்டிலிருந்து தாவாரம் வரை சரிவாகவே டேப் பிடிக்க வேண்டும். ஒரு சரிவு 20 அடி நீளம், 15 அடி இறக்கம் என்றால் 300 சதுர அடி. சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு, அதாவது சதுர அடிக்கு 1.4 ஓடு. 300 சதுர அடிக்கு 420 ஓடு. ஏற்றி இறக்குவதில் உடைவதற்கும் பின்னாளில் மாற்றுவதற்கும் பத்து சதவீதம் சேர்த்தால் 460. முகட்டு ஓடு தனி, அடிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

460 ஓடு என்பது ஒரு டன்னுக்கு மேல். குட்டி யானை வண்டியில் ஒரே நடையில் ஏற்றச் சொல்லாதீர்கள். அடியில் உள்ளது நொறுங்கும்.

விரிசல் விட்ட ஓட்டின் மேல் சிமெண்ட் பூசலாமா?

வேண்டாம். சிமெண்டும் சுட்ட மண்ணும் வெயிலுக்கு ஒரே அளவில் விரியாது, இரண்டு கோடையில் பூச்சு பிளந்துகொள்ளும். பக்கத்து ஓட்டோடு சேர்த்துப் பூசிவிட்டால் பிறகு ஒரு ஓட்டைக் கழற்ற நான்கு ஓட்டை உடைக்க வேண்டும். விரிசல் ஓட்டுக்கு அடியில் ஒரு தகரத் துண்டை, மேல் ஓட்டுக்குள் போகும்படி செருகிவிடுங்கள். புது ஓடு வரும்வரை தாங்கும். முகட்டோட்டுக்கு மட்டும்தான் கலவை.

பெயிண்ட் அடித்தால் சரியாகுமா என்றும் கேட்கிறார்கள். பெயிண்ட் நிறத்துக்கு மட்டும். நொய்ந்த ஓடு பெயிண்ட் அடித்தாலும் நொய்ந்த ஓடுதான்.

எங்களுடையது நாட்டு ஓட்டு வீடு. அந்த ஓடு எங்கே கிடைக்கும்?

சீமை ஓட்டைவிடக் கடினம். நாட்டு ஓடு செய்துகொண்டிருந்த குயவர் குடும்பங்கள் பானை, அடுப்பு, அகல்விளக்கு என்று மாறிவிட்டார்கள். ஏரி வண்டல் எடுக்கும் அனுமதியை வட்டாட்சியரே தரலாம் என்று 2024இல் நடைமுறை எளிதானது. ஆனாலும் ஓடு போடத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. உங்கள் ஊரிலேயே இடிக்கப் போகும் வீடு ஏதாவது இருக்கிறதா என்று விசாரிப்பதுதான் நடைமுறையில் பலன் தருகிறது. நாட்டு ஓடு கவிழ்த்தும் மல்லாத்தியும் அடுக்குவது என்பதால் அளவு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் ஒத்துப்போகும். சீமை ஓட்டுக்கு இல்லாத வசதி இது.

நாட்டு ஓட்டை எடுத்துவிட்டுச் சீமை ஓடு போடுவதானால் கூரையின் சரிவைப் பாருங்கள். 25 பாகைக்குக் குறைந்த சரிவில் சீமை ஓடு போட்டால் காற்றோடு அடிக்கும் மழையில் தண்ணீர் மேலேறி உள்ளே வரும்.

ஓட்டை எடுத்துவிட்டுக் கலர் சீட் போட்டால் காற்றுக்குத் தாங்குமா?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பலர் இதைக் கேட்பதே இல்லை.

ஓட்டுக் கூரை தன் எடையாலேயே நிற்கிறது. சதுர அடிக்கு மூன்றரைக் கிலோ. பெயிண்ட் பூசிய இரும்புத் தகடான கலர் சீட் சதுர அடிக்கு நானூறு கிராம்கூட வராது. காற்று கூரையை மேல்நோக்கி இழுக்கும்போது ஓட்டில் ஒன்றிரண்டு நகரும், அவ்வளவுதான். சீட் கூரையோ சட்டத்தோடு சேர்ந்து எழும்பும். கோடை மழைக்குப் பிறகு பக்கத்துத் தோட்டத்தில் கிடக்கும் சீட்களைப் பாருங்கள். ஸ்குரூ பிடுங்கிக்கொண்டு சீட் மட்டும் தனியாக வந்தது குறைவாக இருக்கும். அது அடித்திருந்த பைப் சட்டத்தோடு சேர்ந்தே வந்திருக்கும், ஏனென்றால் பைப்பைச் சுவரோடு யாரும் கட்டவில்லை. ஓடு இருந்த காலத்தில் கைமரம் சுவர் மேல் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதுமானதாக இருந்தது. அதே மரத்தின் மேல் சீட்டை அடித்தால் அது காற்றாடிதான்.

அதனால் சீட் போடும் செலவில் கட்டுமானச் செலவையும் சேர்த்தே கேளுங்கள். சுவரின் தலைப்பில் கான்கிரீட் பெல்ட் (சுவர் மேல் நீளமாக வார்த்த பட்டை) இருந்தால் அதில் ஆங்கர் போல்ட் போட்டுக் கைமரத்தையோ பைப்பையோ இறுக்க வேண்டும். பழைய மண் சுவராகவோ கருங்கல் சுவராகவோ இருந்து பெல்ட் இல்லை என்றால், இரும்புப் பட்டையைச் சுவரின் உள்பக்கம் மூன்று நான்கு அடி கீழே இறக்கிக் கட்ட வேண்டும். தாவாரம் சுவரைத் தாண்டி ஒன்றரை அடிக்கு மேல் நீட்டாமல் இருப்பது நல்லது, காற்று பிடிக்கும் இடம் அதுதான். விளிம்பு வரிசைகளிலும் முகட்டிலும் ஸ்குரூவை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். ரப்பர் வாஷர் இல்லாத ஸ்குரூவைக் கையில் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதேபோல் வாஷர் பிதுங்கும்படி முறுக்குவதும் தவறு, அந்த ரப்பர் வெயிலில் வெடித்து ஒழுகும்.

சீட்டில் எந்தக் கனம் வாங்குவது? கடைக்காரர் சொல்வதை எப்படி நம்புவது?

மாட்டுக் கொட்டகைக்கு 0.35 மி.மீ. போதும். மனிதர் குடியிருக்கும் வீட்டுக்கு 0.45 அல்லது 0.50 மி.மீ. வாங்குங்கள். சொல்வது பெயிண்ட்டும் பூச்சும் சேர்ந்த கனமா, வெறும் இரும்பின் கனமா என்று கேளுங்கள், விலை ஒப்பிடும்போது குழப்பம் வருவது இங்கேதான். கடையில் தராசு இருந்தால் கேள்வியே தேவையில்லை. நான்கடி அகலச் சுருளில் வெட்டிய பத்தடி சீட், பூச்சோடு சேர்த்து 0.50 என்றால் 13 கிலோவை ஒட்டி இருக்கும். 9 கிலோதான் இருக்கிறது என்றால் உங்கள் கையில் இருப்பது 0.35.

சீட் போட்டால் உள்ளே சூடு தாங்காது என்கிறார்களே?

தருமபுரி, காரிமங்கலம், காவேரிப்பட்டணம் பக்கம் உண்மைதான். ஓட்டு இடுக்கு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்த சூடு சீட்டில் உள்ளேயே அடைந்துவிடும். வெள்ளை அல்லது வெளிர் நிறம் எடுப்பது, இருபக்க முக்கோணச் சுவரிலும் உயரத்தில் சூடு வெளியேற ஜன்னல் விடுவது, சீட்டுக்கு அடியில் ஓரடி இடைவெளி விட்டு ஒரு சீலிங் போடுவது. மூன்றும் செய்தால் தாங்கலாம். நிறமும் ஜன்னலும் மட்டும் போதாது, ஆனால் கையில் காசு இல்லாதபோது அதையாவது செய்யுங்கள்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டையில் வேறு தொல்லை. மார்கழிக் குளிரில் விடியற்காலை சீட்டின் அடிப்பக்கம் வேர்த்து, தூங்குபவர் மேல் சொட்டும். "புது சீட் ஒழுகுதுங்க" என்று அங்கிருந்து வரும் புகார்களில் பாதி இந்த வேர்வைதான். சமையல் புகையும் ஆவியும் வெளியே போக வழி விட்டு, சீட்டுக்கு அடியில் ஃபோம் ஒட்டிய தாள் கொடுத்தால் நிற்கும்.

மழைச் சத்தம்? அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

சிமெண்ட் சீட் மலிவாகக் கிடைக்கிறதே?

கடையில் அதிகம் விற்கும் சிமெண்ட் சீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கிறது. அந்த நார்த் தூசி நுரையீரலுக்குப் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும் என்பது உலகச் சுகாதார அமைப்பே சொல்லியிருப்பது. நம் நாட்டில் கூரை சீட்டுக்கு இன்னும் தடை இல்லை, அதனால் கடையில் இருக்கிறது. வேறு வழி இருக்கும்போது வீட்டுக்கு இதை நாங்கள் சொல்வதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத நார் சிமெண்ட் சீட்டும் வருகிறது, பில்லில் அதை எழுதிக் கேளுங்கள்.

ஏற்கெனவே வீட்டில் பழைய சிமெண்ட் சீட் இருந்து இப்போது மாற்றுகிறீர்கள் என்றால், மேலே ஏறி மிதித்து உடைத்துத் தள்ள விடாதீர்கள். முதலில் தண்ணீர் அடித்து நனையுங்கள், போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்குங்கள். மெஷின் வைத்து உலர்வாக அறுக்கவே கூடாது. பிள்ளைகளை அன்று பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். உடைந்த துண்டுகளை வாசலில் போட்டு வழி நிரவுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது, அதுதான் ஆகக் கெட்ட பழக்கம்.

சிமெண்ட் ஓடு, செராமிக் ஓடு?

நன்றாக இருக்கும், கனமாகவும் இருக்கும். பழைய பனங்கைச் சட்டத்தின் மேல் போட வேண்டாம். இரும்புச் சட்டம் புதிதாக அடிப்பவர்களுக்குச் சரி.

குரங்கு ஓட்டைப் பிரித்துப் போடுகிறது. என்ன செய்வது?

ஒகேனக்கல், பென்னாகரம், அஞ்செட்டிப் பக்கம் காற்றைவிடக் குரங்கால் உடையும் ஓடு அதிகம். சீமை ஓட்டின் அடிமுட்டில் ஒரு துளை இருக்கும், அது கம்பி கோத்து ரீப்பரோடு கட்டத்தான். புதிதாகக் கூரை மேயும்போது தாவாரத்து இரண்டு வரிசைக்கும் முகட்டுக்குக் கீழ் வரிசைக்கும் கம்பி கட்டச் சொல்லுங்கள். காற்றுக்கும் இதே கட்டு உதவும். கூரையைத் தொடும் மரக்கிளையையும் வெட்டிவிடுங்கள்.

ஓடு வர நாளாகும், மழை வந்துவிட்டது. அதுவரை?

தார்ப்பாயைக் கூரைக்கு மேல் விரித்துக் கல் வைப்பது எல்லோரும் செய்வது. காற்றில் அந்தக் கல் உருண்டு மேலும் நாலு ஓட்டை உடைக்கும். தார்ப்பாயை முகட்டைத் தாண்டி அடுத்த சரிவில் நாலடி இறங்கும்படி போட்டு, மணல் நிரப்பிய சாக்கு இரண்டைக் கயிற்றில் கோத்து இருபுறமும் தொங்கவிடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. அந்த மாதிரி மழைக்குத் தார்ப்பாய் எல்லாம் தாங்காது. மண் சுவர் நனைந்திருந்தால் வீட்டுக்குள் படுக்கவே படுக்காதீர்கள்.

ஈர ஓட்டின் மேல் ஏறவும் வேண்டாம். ஏணியைக் கூரை மேல் படுக்கப் போட்டு அதில்தான் கால் வைக்க வேண்டும்.

அரசு உதவி ஏதாவது உண்டா?

மழையில் இடிந்த வீடு என்றால் சுத்தம் செய்வதற்கு முன்பே போட்டோ எடுத்து கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். அவர் அறிக்கை வைத்துத்தான் வட்டாட்சியர் அலுவலகத்தில் நிவாரணம் நகரும். அரசுத் திட்டத்தில் 2000-01க்கு முன் கட்டிக் கொடுத்த ஊரக வீடாக இருந்தால், பழுதுபார்க்கவென்று 2024இல் அறிவித்த திட்டம் ஒன்று உண்டு. உங்கள் வீடு பட்டியலில் இருக்கிறதா என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேளுங்கள். குடிசை வீட்டுக்காரர்களுக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்சம் ரூபாய் வருகிறது, ஆனால் அது கான்கிரீட் வீட்டுக்கு.

முழுப் பணமும் முன்னாடியே கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

ஓடு கண்ணில் படாமல் கொடுக்காதீர்கள். தட்டுப்பாட்டு நேரத்தில் "லோடு வழியில வருது" என்பது பல வாரம் வரும். முன்பணம் கொஞ்சம் கொடுத்து, ஓட்டின் முத்திரை, எண்ணிக்கை, வண்டி வாடகை யார் பொறுப்பு, உடைந்து வந்தால் யார் கணக்கு என்பதைத் துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்குங்கள்.

கழற்றிய நல்ல ஓடு ஐம்பது அறுபது மிச்சம் இருக்கிறது. விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். உங்கள் காடிக்குப் பொருந்தும் ஓடு அடுத்த தடவை கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது. படுக்க வைத்து உயரமாக அடுக்கினால் அடியில் உள்ளது உடையும். சுவரோரம் செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி, இரண்டு வரிசைக்கு மேல் போகாமல் வையுங்கள். கீழே ஒரு கல் பலகை போட்டுவிட்டால் கரையான் மண் ஏறாது. எடுக்கும்போது கையுறையோ துணியோ போட்டுக்கொள்ளுங்கள், ஓட்டு இடுக்கில் தேள் இருக்கும்.